ஜோடிகளுக்கு மட்டும்

ஆல்டர்ஹோப், நார்தம்பர்லாந்து
மார்ச் 10, 1946

திருவாளர் கத்பர்ட் டெல்ஃபர் அவர்களுக்கு,

இப்படித்தான் எழுத வருகிறது. "அன்புள்ள தம்பி" என்று தொடங்கிப் பார்த்தேன். பேனா நகரவில்லை.

வியாழக்கிழமை மாலை ஊர்க்கூடத்தில் கமிட்டிக் கூட்டம். ஜூன் மாதம் போர் வெற்றி விழாவுக்கு நடக்கப்போகும் ஊர் நடன ஆட்டத்தைப் பற்றிப் பேசத்தான் கூட்டியிருந்தார்கள். நான் என் பாட்டுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து என் வில்ஃபின் காலுறைக்குக் குதிகால் பின்னிக்கொண்டிருந்தேன். தலைவர் ஹெப்பிள் எழுந்தார். தொண்டையைச் செருமினார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். உறையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, உன் கையெழுத்து. ஜெர்மனியிலிருந்து கூடப்பிறந்தவளுக்கு மாதக்கணக்கில் ஒரு வரி இல்லை. தீவன வியாபாரி ஹெப்பிளுக்கு இரண்டு பக்கம்!

முழுவதையும் வாசித்தார். "நான் திரும்பி வரும்போது ஆட்டம் நான் விட்டுவிட்டுப் போனபடியே இருக்க வேண்டும். என் அக்கா ஆட்களை மூன்று மூன்று பேராக நிறுத்தி என்னவோ செய்துகொண்டிருக்கிறாள் என்று கேள்வி. போர்க்காலத்துக்கு அது சரி. இனி ஜோடி ஜோடியாக, முறையாக நடக்கட்டும்."

வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "மார்ஜரி, உங்க தம்பியே எழுதியிருக்காரு. அவரு இல்லாத காலத்துல மேடையில நின்னு ஒவ்வொரு அடியா ஆட்டம் சொன்னீங்க, ஊரைச் சமாளிச்சீங்க. யாரும் இல்லேங்கல. இப்ப ஆம்பளைங்க வந்துட்டாங்க. மேடையை விட்டுடுங்க."

"எந்த ஆம்பளைங்க வந்துட்டாங்க? பேரைச் சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டேன்.

என் கேள்வியை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. தீர்மானத்தை மட்டும் எழுதிக்கொண்டார்கள். வெற்றி விழா ஆட்டம் ஜோடிகளுக்கு மட்டும். ஜோடி இல்லாத பெண்கள் தேநீர் மேசையைக் கவனித்துக்கொள்வார்கள்.

ஐஸா டாட் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உன் சிநேகிதன் ராப்பின் ஐஸாதான். சண்டைக்காலம் முழுக்கத் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பண்ணைக்கும் நடந்தவள். அடுத்தவர்களின் சாவுத் தந்திகளையும் அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் எழுந்து, "நான் புருஷனைப் பறிகொடுத்தவதான், ஹெப்பிள். அதுக்காகப் பீங்கான் கோப்பையா நான், மேசை மேல அடுக்கி வைக்க?" என்றாள்.

அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த விஷயம், கூரை ஒழுகுவது.

நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய சாத்தில் அலமாரித் தட்டுகள் குலுங்கின. வில்ஃப், "முதல்ல சாப்பிடு. தம்பியைத் திட்டறதை அப்புறமா எழுதிக்கலாம்" என்றார். சாப்பிடவில்லை. எழுதுகிறேன்.

யாரைக் கேட்டு எழுதினாய், கத்பர்ட்? என்ன தெரியும் உனக்கு?

மார்ஜரி மில்பர்ன்


வெசர் ஆற்றங்கரை, ஜெர்மனி
மார்ச் 24, 1946

திருமதி மார்ஜரி மில்பர்ன் அவர்களுக்கு,

நீ திருவாளர் என்றால் நான் திருமதி. சரிதானே?

முதலில் ஒன்று. ஹெப்பிளுக்கு நானாக எழுதவில்லை. அவர்தான் முதலில் எழுதினார். "உங்கள் அக்கா ஆட்டத்தை அடையாளம் தெரியாமல் செய்துவிட்டார், உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன். கூட்டத்தில் வாசிப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தேநீர் மேசையைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தப் பழியை என் தலையில் கட்டாதே.

ஆனால் ஜோடி விஷயத்தில் எழுதினது எழுதினதுதான். ஒரு ஆண் நடுவில், பக்கத்துக்கு ஒரு பெண், எதிரே இன்னும் மூன்று பேர். இதுவா நம் ஊர் ஆட்டம்? ஹெப்பிள் எழுதியதைப் படித்தபோது, இரண்டு கையிலும் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்திலிருந்து வருகிற ஆள்தான் கண்ணுக்கு வந்தான். நம் ஊரில் ஆட்டம் என்றால் எதிரெதிரே இரண்டு வரிசை. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். முதல் ஜோடி நடுவே இறங்கிப் போய்த் திரும்பி வரும்போது தரையே பிளந்து வழி விடுவது போலிருக்கும். அதைப் பிய்த்து முக்கோணமாம், சதுரமாம், நடுவில் தனியாக ஒரு ஆளாம்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கா சொல்லிக்கொடுக்கிறாய்?

ஒன்று சொல்கிறேன், சிரிக்காமல் கேள். படைக்காக நான் போட்ட பாலத்துக்கெல்லாம் ஆட்டம் சொல்லியிருக்கிறேன். பலகை இறக்கும்போது வாய்க்குள்ளேயே, "முதல் ஜோடி இறங்கு, கை கோத்துத் திரும்பு" என்று. இத்தாலியில், பிறகு ஹாலந்தில், இப்போது இங்கே. மேலே குண்டு போகும். என் தலைக்குள் நம் கூடத்தில் ஆறு ஜோடி நிற்கும். முதலில் ராப், ஐஸா. கடைசியில் வில்ஃப், நீ. அந்த வரிசை கலையாமல் நின்றதால்தான் நானும் கலையாமல் நின்றேன். அதை நீ அங்கே பிய்த்துப் போட்டிருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

கடைசியாக ஒரு கேள்வி. மனசாட்சியைத் தொட்டுச் சொல். இதெல்லாம் ஐஸாவுக்காகவா, மேடைக்காகவா? உனக்கு வில்ஃப் இருக்கிறார். உன்னை யாரும் தேநீர் ஊற்றச் சொல்லப்போவதில்லை. உனக்கு மேடை ருசித்துவிட்டது, மார்ஜரி. அதுதான் விஷயம்.

கத்பர்ட்


ஆல்டர்ஹோப்
ஏப்ரல் 7, 1946

கத்பர்ட்,

ஆமாம், ருசித்துவிட்டது. அதில் என்ன குற்றம்? உனக்கு ருசிக்கவில்லையா? கடா ஆட்டுக்குப் பரிசு வாங்கினவன் மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு மேடையில் நின்றாயே, அது ஊருக்குச் செய்த தொண்டா? இசை ஒரு சுற்று முடியும் முன்னே அடுத்த அடியைச் சொல்கிறோம், கீழே அத்தனை பேரும் ஒரே உடம்பாகத் திரும்புகிறார்கள். அதைச் செய்து பார்த்தவர் யாராக இருந்தாலும் ருசிக்கத்தான் செய்யும். நீ செய்தால் கலை, நான் செய்தால் பேராசையா?

மூவர் வரிசை எப்படி வந்தது என்று நீ கேட்கவில்லை. கேட்காமல்தான் ஹெப்பிளுக்குப் பதில் எழுதினாய். இப்போது கேட்டுக்கொள்.

நீங்கள் எல்லாரும் போன முதல் குளிர்காலத்தில், பெஞ்சு நிறையப் பெண்கள். கூடத்துக்கு வந்த ஆண்கள் என்று பார்த்தால் வில்ஃப், கொல்லர் ஆம்ஸ்ட்ராங், பள்ளி ஆசிரியர், பிடில் வாசிக்கும் ரால்ஃப். ரால்ஃப் பிடிலை விட்டுவிட்டு ஆட வர முடியாது. நானும் உன்னைப் போலத்தான், ஜோடி என்றால் ஜோடி என்று பிடிவாதமாக இருந்தேன். பாதிப் பெண்களை ஆண்கள் பக்கம் நிறுத்தினேன். "இப்ப நான் ஆம்பளையா, நீ ஆம்பளையா?" என்று இடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பாகத்தான் ஓடியது, ராப்பின் தந்தி வரும் வரைக்கும்.

தந்தி வந்து கொஞ்ச நாள் ஐஸா கூடத்துப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை தானாக வந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பழக்க தோஷத்தில், "ஐஸா, நீ ஆம்பளைங்க பக்கம் முதல்ல நில்லு" என்று மேடையிலிருந்து சொல்லிவிட்டேன். அவள் நகரவில்லை. நாலு பேர் கேட்க, நிதானமாகச் சொன்னாள். "அது ராப் நிக்கற இடம். அங்க நான் நிக்க மாட்டேன். என் எதிர வேற யாரையும் நிக்கவும் வைக்காதே."

ரால்ஃப் பிடில் வில்லைத் தூக்கியபடியே என்னைப் பார்க்கிறார். அப்போது தோன்றியதுதான். "எல்லாரும் மூணு மூணா நில்லுங்க" என்றேன். மூன்று பேர் கை கோத்து எதிரே மூன்று பேரைப் பார்த்து நிற்பது. நடு ஆள் வலப்பக்கத்தவரைச் சுற்றி, பிறகு இடப்பக்கத்தவரைச் சுற்றி, மூவரும் ஒருவரையொருவர் ஊடறுத்து எட்டுப் போடுவது. பிறகு எதிர் மூவரின் கைவளைவுக்கடியில் நுழைந்து அடுத்த மூவரிடம் போவது. அன்றைக்கு எல்லாரும் முட்டி மோதிக்கொண்டார்கள். ஆனால் அந்த வரிசையில் யாருடைய இடமும் காலியாக இல்லை, கத்பர்ட். புரிகிறதா? ஜோடியில் ஒருவர் இல்லையென்றால் அது ஓட்டை. மூவரில் ஓட்டையே கிடையாது. யாருக்கும் யாருடைய இடத்திலும் நிற்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்தார்களோ அத்தனைக்கும் ஒரு வடிவம் கண்டுபிடித்தேன். ஒருவரையும் பெஞ்சில் விடவில்லை. கணக்குப் பாடம் என்று கேலி செய்கிறாய். அந்தக் கணக்கில்தான் இந்த ஊர்ப் பெண்கள் உயிரோடு இருந்தார்கள்.

உன் தலைக்குள் ஆறு ஜோடி நிற்கிறதா? கீழே இறங்கி வந்து பார். முதல் ஜோடி ராப், ஐஸா. ராப் இத்தாலியில் மண்ணுக்குள் இருக்கிறான். இரண்டாவது, ஜான் சார்ல்டனும் லில்லியும். ஜானின் கப்பல் திரும்பவில்லை. மோதிரம் போடும் முன்பே போனதால் லில்லியை விதவை என்றுகூட யாரும் சொல்வதில்லை. மூன்றாவது, ஹெட்லி வந்துவிட்டான். அவன் மனைவி தொழிற்சாலை வேலைக்குப் போன ஊரிலேயே இருந்துகொண்டாள். நான்காவது, ஹெப்பிளின் மகன் கில்பர்ட். பர்மாவில் ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்து எலும்பாக வந்திருக்கிறான். அவனோடு ஆடிய கானி ஒரு கனடாக்காரரைக் கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டாள். ஐந்தாவது ஆம்ஸ்ட்ராங்கும் அவர் வீட்டம்மாவும். முழங்கால் வலியோடு இருக்கிறார்கள். ஆறாவது வில்ஃப், நான்.

இந்த வரிசைக்குத்தான் நீ வந்து ஆட்டம் சொல்லப்போகிறாயா?

மார்ஜரி


வெசர் ஆற்றங்கரை
ஏப்ரல் 21, 1946

மார்ஜரி,

ராப் செத்தது எனக்குத் தெரியாதா? எனக்கா சொல்லித் தருகிறாய்? அவனைக் கம்பளியில் சுற்றும்போது ஒரு பக்கம் பிடித்தவன் நான்.

இதைப் பற்றி இனி எழுதாதே.

க.


ஆல்டர்ஹோப்
மே 12, 1946

அன்புள்ள கத்பர்ட்,

நீ பிடித்தாய் என்று எனக்குத் தெரியாது. ஐஸாவுக்கும் தெரியாது. நீ எங்களிடம் சொன்னதே இல்லை. நான் அவளிடம் சொல்லவில்லை. அது நீ நேரில் சொல்ல வேண்டியது.

எழுதாதே என்றாய். ராப்பைப் பற்றி எழுதவில்லை. ஆனால் கூடத்துக் கதவில் ஒட்டியிருப்பதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. "வெற்றி விழா ஆட்டம். ஜோடிகளுக்கு மட்டும்." பெரிய எழுத்தில், கீழே கோடு போட்டு! போகிற வருகிற பெண்கள் எல்லாரும் அதைப் படித்துக்கொண்டே ரேஷன் கடைக்குப் போகிறார்கள். அதற்குக் கீழேயே இன்னொரு அறிவிப்பு. "தேநீர் விருந்துக்குப் பெண்கள் தங்கள் பங்குத் தேயிலையிலும் சர்க்கரையிலும் கொஞ்சம் கொடுத்து உதவவும்." எங்கள் தேயிலை வேண்டும், எங்கள் சர்க்கரை வேண்டும், நாங்கள் வேண்டாம்.

ஆட்டம் சொல்ல ஹெக்ஸமிலிருந்து ஒருவரை ஒலிபெருக்கியோடு வரவழைக்கிறார்களாம். நீ வருவதற்குள் விழா வந்துவிடுமே, அதற்காக. ஆக, மேடையை எனக்கும் தரவில்லை, உனக்காகவும் வைத்திருக்கவில்லை. அதையும் தெரிந்துகொள்.

ஹெப்பிளை நான் முழுக்க வெறுக்கவில்லை, வெறுக்கத்தான் ஆசை. போன வாரம் கடையில் பார்த்தபோது, "கில்பர்ட் வீட்டை விட்டே வெளிய வரமாட்டேங்கறான், மார்ஜரி. பழையபடி ஒரு ஆட்டத்தைப் பாத்தா அவனும் பழையபடி ஆயிடுவான்" என்றார். என்ன சொல்வது? அந்த ஒரு பையன் பழையபடி ஆவதற்கு ஊர்ப் பெண்கள் எல்லாரும் மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டுமா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மார்ஜரி


வெசர் ஆற்றங்கரை
மே 29, 1946

அன்புள்ள மார்ஜரி,

நடந்ததைச் சொல்கிறேன். இதனால் நீ ஜெயித்துவிட்டாய் என்று எண்ணிக்கொள்ளாதே.

எங்கள் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு முகாம் இருக்கிறது. ஜெர்மன்காரன் கட்டாய வேலைக்குப் பிடித்து வந்த போலந்துக்காரர்கள். ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் தங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வைக்கோல் கொட்டகையில் ஆட்டம் நடந்தது. பலகை கொடுத்து உதவினோம் என்று எங்களையும் கூப்பிட்டார்கள். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். போனால், இன்னொரு பக்கத்துக் கையை வேறொருத்தி பிடித்துக்கொண்டாள். மூன்று பேர். எதிரே மூன்று பேர். கொட்டகை முழுக்க மூன்று மூன்றாக!

எனக்குச் சுருக்கென்றது. பாவம், இவர்களுக்கும் ஆண்கள் மிஞ்சவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம், "சண்டையால இப்படி மாத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "எதை மாத்தணும்? எங்க ஊர்ல இது மூணு பேர் ஆட்டம்தான். எப்பவுமே" என்றார்.

அப்புறம் என்ன? எட்டுப் போடும்போது எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் விழித்தேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு அடி சொன்ன என்னை இரண்டு பெண்கள் மூட்டையைத் தள்ளுவது போல இப்படியும் அப்படியும் தள்ளினார்கள். இடப்பக்கத்தவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆடி முடித்து வெளியே வந்தபோதுதான் உறைத்தது. அவ்வளவு நேரமும் ராப்பை நான் எங்கேயும் தேடவில்லை.

பாதிதான் ஒத்துக்கொள்கிறேன். ஜோடி ஆட்டத்தை நீ ஒழித்துக்கட்ட நான் விடமாட்டேன். ஆனால் என் பெயரைச் சொல்லிப் பெண்களைத் தேநீர் மேசைக்கு அனுப்ப ஹெப்பிள் யார்? இன்றைக்கே அவருக்கு எழுதிவிட்டேன். "என் முதல் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தீர்களாம். இதையும் அதே குரலில் வாசியுங்கள். யாரையும் பெஞ்சில் உட்காரவைக்க நான் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஆட வேண்டும். அது எந்த வடிவம் என்பதை ஆட்டம் சொல்பவர் முடிவு செய்யட்டும், கமிட்டி அல்ல." விழாவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

கத்பர்ட்


ஆல்டர்ஹோப்
ஜூன் 10, 1946

அன்புள்ள கத்பர்ட்,

உன் கடிதம் எனக்கு வெள்ளிக்கிழமை வந்தது. அதே தபாலில் ஹெப்பிளுக்கும் ஒன்று வந்ததை ஐஸா தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை விழா. கூடம் முழுக்கக் கொடித் தோரணம். ஹெக்ஸம்காரர் தலைமுடியில் எண்ணெய் பளபளக்க மேடையில் நின்றார். ஒலிபெருக்கி இரண்டு தரம் கீச்சிட்டு நாய்களையெல்லாம் வெளியே ஓடவைத்தது. மேசைக்குப் பின்னால் ஐஸா, லில்லி, இன்னும் பத்துப் பதினைந்து பெண்கள். எல்லாரும் நல்ல உடுப்பில்தான் வந்திருந்தார்கள்.

"ஜோடிகள் எழுந்து வரலாம்" என்றார் ஹெக்ஸம்காரர். ஆம்ஸ்ட்ராங் தம்பதி வந்தார்கள். பாதிரியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். தரகர் ஒருவர் தன் மனைவியோடு வந்தார். வில்ஃப் என்னைப் பார்த்தார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். "இன்னும் ஒரே ஒரு ஜோடி! ஒரு ஜோடி வந்தா ஆரம்பிச்சுடலாம்!" என்று ஒலிபெருக்கி கெஞ்சுகிறது. அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு வரிசைக்கு ஆள் சேரவில்லை!

கில்பர்ட் சுவரோடு சுவராக நின்றிருந்தான். ஹெப்பிள் அவன் முழங்கையைப் பிடித்து மேசைப் பக்கம் தள்ளினார். "போய் லில்லியைக் கூப்பிடு. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க." லில்லி தேநீர் ஜாடியைக் கையில் பிடித்தபடி சிவந்துபோனாள். கில்பர்ட் கையை உதறினான். "சந்தையில பொலிகாளைக்கு ஜோடி சேக்கற மாதிரி சேக்காதீங்கப்பா" என்றான். சத்தமாகவே சொன்னான். பர்மாவிலிருந்து வந்த பிறகு அவன் பொதுவில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நடுக்கூடத்துக்குப் போனேன். "மிஸ்டர் ஹெப்பிள், கத்பர்ட் ரெண்டாவதா ஒரு கடிதம் எழுதினானே, அதை வாசிங்க."

"அது எனக்கு எழுதின சொந்தக் கடிதம்."

"முதல் கடிதமும் உங்களுக்குத்தான் எழுதினான். அதை மட்டும் ஊருக்கே வாசிச்சீங்க?"

"இது இடமில்லை, மார்ஜரி."

"இது இடமில்லேன்னா எது இடம்? நீங்க வாசிக்காட்டி நான் சொல்றேன், எனக்கும் எழுதியிருக்கான்" என்று நீ எழுதியதை மனப்பாடமாகச் சொன்னேன். வந்தவர்கள் எல்லாரும் ஆட வேண்டும் என்பதை இரண்டு தரம் சொன்னேன்.

ஹெப்பிளின் முகம் இறுகியது. "கத்பர்ட் ஜெர்மனியில இருக்காரு. இங்க கமிட்டி வச்சதுதான் சட்டம்" என்றார்.

ஐஸா கரண்டியை மேசைமேல் வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்தாள். "அப்ப கமிட்டியே ஆடட்டும்" என்றாள். தேநீர்ப் பாத்திரத்துக்கு ஒரு பக்கம் அவள் பிடிக்க, மறுபக்கம் லில்லி பிடிக்க, நடந்தார்கள். பின்னாலேயே கேக்கோடு ஒருத்தி, ரொட்டித் தட்டோடு ஒருத்தி. நான் திரும்பிப் பார்த்தால் ரால்ஃப் பிடிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறார். ஹெக்ஸம்காரர், "நீங்க எங்க போறீங்க?" என்கிறார். "ஆடறவங்க போற இடத்துக்கு" என்றார் ரால்ஃப்.

எங்கே போவது என்று எனக்கே தெரியாது. தெருவில் வந்து நின்ற பிறகு வில்ஃப்தான் ஆட்டுச்சந்தைச் சாவியை எடுத்து ஆட்டினார். ஏல நாளில் மந்தை ஓட்டுகிறாரே, சாவி அவரிடம்தான். உள்ளே ஏல வட்டம், மரத்தூள் தரை, சுற்றிலும் படிப்படியாகப் பெஞ்சு. ஆட்டுக்குக் கட்டிய வட்டத்தில் ஆட்டம்! ரால்ஃப் ஏலக்காரரின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் அவர் பக்கத்தில் ஏலச் சுத்தியலோடு நின்றேன். "ஆட்டம் சொல்லு. சுத்தியல் இருக்குன்னு என்னை வித்துடாதே" என்று வில்ஃப் கீழிருந்து கத்தினார்.

மூன்று மூன்றாக நிறுத்தினேன். வட்டமாதலால் வரிசையை வளைத்துச் சக்கரத்தின் ஆரம் போல நிறுத்த வேண்டியிருந்தது. நான் அதுவரை செய்யாத வடிவம். சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது. இரண்டாவது சுற்றில் பார்த்தால் கில்பர்ட் வாசலில் நிற்கிறான். "நான் நடுவுல நிக்க மாட்டேன்" என்றான். "உன்னை யாரு நடுவுல நிக்கச் சொன்னா? ஓரத்துல வா" என்று ஐஸா கையை நீட்டினாள். அவன் போய் ஓரத்தில் நின்றான். மோசமாகத்தான் ஆடினான். ஆனால் ஆடினான்.

கொஞ்ச நேரத்தில் ஹெப்பிளே வந்துவிட்டார். "கூடத்துப் பாத்திரத்தைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. இது திருட்டு."

"பாத்திரம் உங்களோடது. உள்ள இருக்கற தேத்தண்ணி எங்க பங்கு" என்று லில்லி சொன்னாள். லில்லிதான், கத்பர்ட்! இருக்கிற ஜாடி, வாளி எல்லாவற்றிலும் தேநீரை ஊற்றிவிட்டுக் காலிப் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்தோம். அவர் அதைக் கட்டிக்கொண்டு மகன் வளைவுக்கடியில் குனிந்து போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாத்திரத்தோடு போய்விட்டார்.

இன்று காலையில் கமிட்டித் தீர்மானம் வந்துவிட்டது. "விழாவின் கண்ணியத்தைக் குலைத்ததற்காக மார்ஜரி மில்பர்ன் இனி கூடத்து மேடையில் ஏறக் கூடாது." சந்தை வட்டம் கோடைக்குச் சரி. குளிர்காலத்தில் அந்தத் தகரக் கொட்டகையில் விறைத்துப்போவோம். கூடத்தில் அடுப்பு இருக்கிறது. அந்த அடுப்புக்கு விறகு வெட்டியதும் நாங்கள்தான்.

உன் அக்கா


விடுவிப்பு முகாம், யார்க்
ஜூலை 3, 1946

அன்புள்ள அக்கா,

இங்கிலாந்து மண்ணில் நின்று எழுதுகிறேன். படையிலிருந்து விடுவிக்கும் வரிசையில் என் எண் வந்துவிட்டது. ஊருக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு சூட் கொடுத்திருக்கிறார்கள், தோள் ஒரு அளவு, கால் ஒரு அளவு.

உன் கடிதத்தைப் பாலத்துப் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன். லில்லிக்கு மூன்று பேர் கல்யாணத்துக்குத் தயார்.

ஆனால் தடை போட்டதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதே ஆட்கள் எனக்கு எழுதியதைக் கேள். "ஜூலை கடைசிச் சனிக்கிழமை நீங்கள் வந்து ஆட்டம் சொல்லி எங்களைப் பெருமைப்படுத்த வேண்டும். ஊர் பிளவுபட்டிருக்கிறது. நீங்கள் வந்தால் எல்லாம் பழையபடி ஆகும்." உன்னை மேடையிலிருந்து இறக்கிய கையாலேயே என்னை ஏற்றுகிறார்கள்! என்னை என்னவென்று நினைத்தார்கள்?

சம்மதம் என்று எழுதிவிட்டேன். ஆமாம், சம்மதம். வேறு ஒன்றும் எழுதவில்லை. மேடையேறுவேன். எல்லாரையும் எழுந்து வரச் சொல்வேன். ஹெப்பிள் முன்வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையே, "மூணு மூணா நில்லுங்க!" அவர் முகத்தைப் பார்க்கவே நான் உயிரோடு வந்தேன் என்று வைத்துக்கொள்.

ஐஸாவிடம் நான் வருவதைச் சொல். ராப்பைப் பற்றி அவளிடம் பேச வேண்டும். அதை ஆட்டத்துக்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும்.

கத்பர்ட்


ஆல்டர்ஹோப்
ஜூலை 6, 1946

கத்பர்ட்,

நீ வருகிறாய் என்று படித்ததும் அழுதேன். அதற்கு அடுத்த பக்கத்தைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது.

மூவர் ஆட்டத்தை நீ சொல்லப்போகிறாயா? எந்த உரிமையில்? போலந்துக்காரர்கள் கொட்டகையில் ஒரு மத்தியானம் தள்ளப்பட்ட உரிமையிலா? எட்டுப் போடும்போது எந்தப் பக்கம் திரும்புவதென்று உனக்கே தெரியவில்லை என்று எழுதியவன் நீ. இரண்டாவது சுற்றில் நடு ஆள் மாற வேண்டும், தெரியுமா? இசையில் எந்த இடத்தில் அதைச் சொல்ல வேண்டும், தெரியுமா? நீ தப்பாகச் சொல்லி எல்லாரும் முட்டிக்கொண்டு விழுந்தால், "பாத்தீங்களா, மூணு பேர் ஆட்டம்னா இப்படித்தான்" என்று ஹெப்பிள் கை தட்டுவார். அது நடக்காது.

அவர் முகத்தைப் பார்க்க உனக்கு ஆசை என்றால் எனக்கு எவ்வளவு ஆசை இருக்கும்!

ஐஸாவிடம் சொல்லிவிட்டேன். "வண்டி எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள். நிலையத்துக்கு அவள் தனியாக வருவாள். நாங்கள் வீட்டில் இருப்போம். பேசிவிட்டு மெதுவாக நடந்து வாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை நீ மேடையேறு. ஒரு ஜோடி ஆட்டம் சொல். ஆம்ஸ்ட்ராங் தம்பதிக்குப் பிடிக்கும், அவர்களும் ஆடட்டும். உன் ஜோடி ஆட்டத்தை நான் ஒழிக்கவில்லை. அது முடிந்ததும் கீழே இறங்கு. தீர்மானத்தை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். மேடையில் ஏறக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். தரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் தரையில் நின்று, ஆடிக்கொண்டே ஆட்டம் சொல்வேன். என் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை, உனக்கே தெரியும்.

முதல் வரிசையில் உன் இடம் ஓரம், வலப்பக்கம். அந்தப் பக்கம் ஐஸா. நடுவில் நான். நான் சொல்வதைக் கேட்டு ஆடு.

உன் அக்கா
மார்ஜரி